கோல் வளையத்துக்குக் கீழே என்ன முணுமுணுத்தாய், பரமு?

என் பரமுக்குட்டிக்கு,

உனக்குப் பிடிக்காத பெயரிலேயே தொடங்குகிறேன். நாற்பது வயதுப் பொம்பளையைக் குட்டி என்று கூப்பிடுகிறாயே என்று நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. சுளித்துக்கொள். பதில் பேச முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய், இனி நான் இஷ்டத்துக்குத்தான் கூப்பிடுவேன்.

போன வாரம் உன் இரண்டாம் வருஷத் திதி. பேப்பரில் உன் படத்தைப் போடப் போவதாகச் சொல்லி, அடியில் போட நாலு வரி எழுதித் தரும்படி உன் வீட்டுக்காரர் செல்வம் என்னைத்தான் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எல்லார் படத்துக்கும் கீழே வருகிற அதே நாலு வரிதான். அன்பே உருவான, பண்பின் சிகரமான என்று போகும். அச்சில் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பண்பின் சிகரம் என்றதும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று பார்க்காதே. இருபது வருஷத்துக்கு மேலாக மறைத்து வைத்துத்தான் இப்படி ஆகிவிட்டது.

சேதி முதலில். நான் மறுபடியும் படிக்கிறேன். உடற்கல்வி டீச்சராக இருப்பது போதாதென்று, விளையாட்டு, உடற்பயிற்சி உளவியலில் மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறேன். வார நாளில் பள்ளிக்கூடம், சனி ஞாயிறு பல்கலைக்கழகம். பையில் ஒரு பக்கம் விசில், இன்னொரு பக்கம் புள்ளியியல் புத்தகம். 

வீட்டில் சொன்னதும் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் மாமியார் உளவியல் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர் பீடோங் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், மருமகள் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார். என் சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். ஓடி விளையாடுவதற்கு ஒரு டிகிரி, அதை உட்கார்ந்து யோசிப்பதற்கு இன்னொரு டிகிரியா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதல் பருவத்தில் ஒரு சனிக்கிழமை. எங்களுக்குப் பாடம் எடுக்கும் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, பினாங்குக்காரர். ஆட்டக்காரர்கள் குறி பார்க்கும் முன்னால் செய்கிற சின்னச் சின்ன வழக்கங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒருவன் பந்தை மூன்று தடவை தரையில் தட்டுவான், ஒருத்தி சட்டைக் கையை இழுத்துவிடுவாள், ஒருத்தி தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது மூடநம்பிக்கை மாதிரி தெரியும், ஆனால் அந்த வழக்கம்தான் அவர்கள் கவனத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்றார். வெளியிலிருந்து யாராவது கைவைத்துக் குலைத்துவிட்டால் பழகிய கையும் தடுமாறும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

நான் போகவில்லை. என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. 

நம் கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிக்கொள்கிறேன், நீ கொஞ்சம் பொறு. பரமேஸ்வரியும் நானும் பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளி வரைக்கும் ஒரே வலைப்பந்துக் குழு. அவள் கோல் ஷூட்டர், நான் கோல் அட்டாக். அந்த ஆட்டத்தில் வளையத்துக்குள் பந்து போட எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் உரிமை. பந்து கைக்கு வந்து மூன்று விநாடிக்குள் அதை விட்டாக வேண்டும். எதிரணி ஆள் மூன்றடி தள்ளி, முகத்துக்கு நேராக, கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அந்த மூன்று விநாடியில் பரமுவின் உதடு அசையும். அசைந்த பிறகு பந்து போகும். போனால் அது வளையத்துக்குள்தான்.

என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் சிரிப்பாள். தோட்டத்து மாரியம்மன் பெயரைச் சொல்கிறாள் என்று அவள் அம்மா முடிவு கட்டினார். அந்த அம்மாளை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை சொன்னதால் நாங்களும் அதையே நம்பினோம்.

பதினேழு வயதில் அலோர் ஸ்டாரில் ஆட்டம். எங்கள் மாவட்டமும் அந்த ஊர் மாவட்டமும் மோதின. மாநிலக் குழுவுக்கு ஆள் எடுப்பவர்கள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கால்பகுதி வரை நாங்கள்தான் முன்னால். இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். அதை மென்றுகொண்டே நான் பரமுவிடம் சொன்னதை இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் எழுத முடியும்.

"மந்திரம் ஓதுனது போதும்டி. அங்க உக்காந்து பாக்குறாங்க, சிரிக்கிறாங்க. வாய மூடிக்கிட்டு அடி லா."

நீ கையிலிருந்த சுளையை வாயில் போட்டுக்கொண்டாய். அப்புறம், "சரி, வுடு," என்றாய்.

கடைசிக் கால்பகுதியில் மூன்று பந்தைத் தவறவிட்டாய். மூன்றும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தன. நாம் தோற்றோம். நம் மாவட்டத்திலிருந்து ஒரு பெயரைத்தான் படித்தார்கள், அது என் பெயர். மாநிலக் குழுவில் ஆடிய சான்றிதழை வைத்து எனக்கு ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. உனக்குச் சுங்கைப் பட்டாணியில் கையுறை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை கிடைத்தது.

யாரும் சிரிக்கவில்லை, பரமு. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் இருந்தவர்கள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். தோட்டத்துப் பிள்ளைகள், ஆட்டத்திலும் சாமியாடுகிறார்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்குத்தான் உள்ளுக்குள் உதறல்.

அந்த டாக்டர் சொன்னது சரி என்றால், உன்னைத் தவறவிட வைத்தது நானா? இந்தக் கேள்வி அதற்கு முன்பும் என்னிடம் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு பாடப்பெயர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது என்னை விடவில்லை. கடைசிக் காலத்தில் நீ எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். வாராவாரம் வந்தேன், மைலோ கலக்கிக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று டாக்டர் கேட்டபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது: இடைநிலைப் பள்ளி வலைப்பந்து ஷூட்டர்கள் அந்த மூன்று விநாடியில் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள். அவருக்குப் பிடித்துவிட்டது. படிவத்தில் காரணம் என்ற இடத்தில் உன் பெயரை எழுத முடியுமா? ஆராய்ச்சி இடைவெளி என்று ஏதோ எழுதினேன்.

பிள்ளைகளைப் பேட்டி எடுக்கப் பள்ளி பள்ளியாகப் போனேன். என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா, பரமு, அந்தத் தலைகளுக்குள்? பீடோங்கில் ஒருத்தி பிஸ்கட் விளம்பரப் பாட்டைப் பாடுகிறாளாம். கோலா கெத்திலில் ஒருத்தி தன் அக்காவை மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டுகிறாள், அப்போதுதான் பந்து நேராகப் போகிறதாம். இன்னொருத்தி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒன்றுமே நினைப்பதில்லை டீச்சர் என்றாள். எனக்கு அவள் மேல்தான் பொறாமையாக இருந்தது. அதே ஊரில் ஒரு தாய் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார், மகளுக்குப் புத்தி சரியில்லை என்று எழுதிவிடுவார்களோ என்று. அந்த அம்மாவைச் சமாதானப்படுத்த இரண்டு கோப்பை தேநீர் ஆயிற்று.

பேட்டிகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் மண்டையில் அடித்த மாதிரி ஒன்று தோன்றியது. நீ என்ன சொன்னாய் என்று உன்னைத் தவிர இன்னொரு ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் முகத்துக்கு மூன்றடியில், கையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டம் முழுக்க நின்றவள். அலோர் ஸ்டார் குழுவின் கோல் கீப்பர். நெட்டையான மலாய்ப் பெண், கையெல்லாம் நீளம், நாம் அவளை மின்கம்பம் என்று சொல்வோமே, அவள்.

வலைப்பந்து டீச்சர்கள், நடுவர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது. அவள் பெயர் ரொஹானா. அலோர் ஸ்டாரிலேயே ஒரு பள்ளியில் டீச்சர், இன்னும் வலைப்பந்துதான் சொல்லிக்கொடுக்கிறாள். உங்களை ஞாபகம் இல்லை, உங்கள் ஷூட்டரை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, போகட்டும்.

சுங்கைப் பட்டாணியில் ரயிலேறிப் போனேன். வழியெல்லாம் வயலும் தண்ணீரும். மனசு மட்டும் அந்தக் கால்பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளி முடிந்து பிள்ளைகள் போன பிறகு திடலோரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ இறந்துவிட்டதை முதலில் சொன்னேன். அவள் கண்ணை மூடி ஏதோ ஓதினாள். பிறகு மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினாள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரித்தாள்.

நீ மாரியம்மனைக் கூப்பிடவே இல்லையாம்.

ஒவ்வொரு தடவையும் பந்தைக் கையில் வாங்கியதும் அவள் கண்ணைப் பார்த்து, பயபக்தியாக, "காக், சுடா மாக்கான்?" என்று கேட்டாயாம். அக்கா, சாப்பிட்டாச்சா என்று! நம் ஊரில் வளர்ந்த யாரால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியும்? எதிரியாக இருந்தால் என்ன, வாய் தானாகச் சாப்பிட்டாச்சு என்று திறக்கும். வாய் திறக்கிற நேரத்தில் தூக்கிய கை இரண்டு அங்குலம் இறங்கும். அந்த இடைவெளியில் உன் பந்து போய்விடும். மூன்றாவது கால்பகுதியில் ரொஹானா உதட்டைக் கடித்துக்கொண்டு, பதில் சொல்வதில்லை என்று வைராக்கியமாக நின்றாளாம். உடனே நீ, மீனா கோழியா என்று கேட்டிருக்கிறாய். அந்த வருஷம் முழுக்க அவள் தன் அம்மாவிடம் உன்னைப் பற்றிப் புகார் சொன்னாளாம், அந்த அம்மா, கேட்டால் சொல்ல வேண்டியதுதானே, என்ன வளர்ப்பு வளர்த்தேன் என்று அவளைத்தான் திட்டினாராம்.

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இது கவனத்தைத் தன்மேல் குவிக்கிற வழக்கமா, எதிராளியின் கவனத்தைக் கலைக்கிற தந்திரமா? இதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பேன்? டாக்டர் கொடுத்த பட்டியலில் சாப்பாடு விசாரிப்பது இல்லவே இல்லை.

அப்புறம்தான் கடைசிக் கால்பகுதியைக் கேட்டேன்.  அப்போது பரமு பேசுவதை நிறுத்திவிட்டாள், இல்லையா என்றேன்.

ரொஹானா மறுத்துத் தலையாட்டினாள். நிறுத்தவில்லை என்றாள்.

எழுந்து போய்க் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து வந்தாள். என்னை வளையத்துக்குக் கீழே நிறுத்தி, தான் எதிரே மூன்றடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு நாற்பது வயதுப் பொம்பளைகள், பாஜு கூரோங் என்ற நீளமான மலாய் உடையும் காலணியுமாக. உங்கள் தோழி எப்போதும் பந்தை இங்கே வைத்திருப்பாள் என்று என் கையை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டாள். கடைசிக் கால்பகுதியில் இங்கே வைத்தாள் என்று என் கையை இறக்கினாள். பந்து என் வாய்க்கு நேரே வந்து நின்றது.

களைத்துவிட்டாள் போல என்று அவள் முதலில் நினைத்தாளாம். அப்புறம் பந்துக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்திருக்கிறது. என் பக்கம் கண்ணைக் காட்டி, மலாயில் சொன்னாயாம். அவள் அதை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"காவான் சாயா தாகுட்."

என் கூட்டாளி பயப்படுகிறாள்.

அதைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு, வாய்க்கு நேரே இருந்த பந்தை அப்படியே விட்டிருக்கிறாய்.

நான் அந்த இடத்திலிருந்தே பந்தைப் போட்டுப் பார்த்தேன். முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே விளிம்பு. நெற்றிக்கு மேலிருந்து போட்டேன், உள்ளே போனது. ரொஹானா பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டரிடம் சொன்னேன். ஆய்வுக்காரராகத்தான் பேசினார். இருபது வருஷம் கழித்து வருகிற ஞாபகம் தானாகவே இட்டுக்கட்டிக்கொள்ளும், அதை ஆதாரமாக எடுக்க முடியாது என்றார். சரிதான். ரொஹானா கதையைக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். ஆனால் மூன்று பந்தும் முன்விளிம்பில் பட்டதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை, பரமு. அதை அவளாகத்தான் செய்து காட்டினாள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அத்தையைப் பார்க்கப் போனேன். முட்டிவலி அப்படியே இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. மாரியம்மன் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று காப்பி ஆறும் வரை யோசித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன், நீ அந்த மலாய்ப் பெண்ணிடம் சாப்பாடு விசாரித்ததை. அத்தைக்கு வருத்தமாகிவிடும் என்று நினைத்தேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தப் புள்ள என்னா சொல்லுச்சாம்? சாப்ட்டுச்சாமா?"

சாப்பிட்டதாம் அத்தை, மீனும் சோறும் என்றேன். அப்போ சரி என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். உனக்கு எங்கிருந்து வந்தது அந்த வாய் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மற்றதை அத்தையிடம் சொல்லவில்லை. அது நமக்குள் பேச வேண்டியது.

இத்தனை நாளும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நான் வாயை மூடச் சொன்னேன், நீ மூடினாய், பதற்றத்தில் தவறவிட்டாய் என்று. அப்படி இருந்திருந்தால் அது ஒரு பாடப்புத்தக உதாரணம். நான் குற்றவாளி, நீ பாதிக்கப்பட்டவள், அத்தோடு முடிந்தது. ஆனால் உனக்குப் பதற்றமே இல்லை. ஒரு நொடி கூட நீ எனக்குக் கீழ்ப்படியவும் இல்லை, திமிர் பிடித்தவளே. உதடு அசைவதைப் பார்த்தால் நான் இன்னும் பயப்படுவேன் என்று பந்தை இறக்கி வாயை மறைத்துக்கொண்டாய். முதல் பந்து தவறியபோதே உனக்குக் காரணம் தெரிந்திருக்கும். எத்தனை ஆயிரம் தடவை போட்ட கை அது. இரண்டாவது தடவை ஏன் உயர்த்தவில்லை? மூன்றாவது தடவை? நான் அப்போதும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேனா?

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியும்.

பெயரைப் படித்தபோது நீதான் முதலில் கைதட்டினாய். எனக்கு முதல் போஸ்டிங் வந்தபோது முறுக்கு டின்னோடு வந்தாய். ஆஸ்பத்திரியில் நான் கால் பிடித்துவிட்டபோது, டீச்சரம்மா கையே தனி என்று கேலி செய்தாய். ஒரு வார்த்தை, பரமு. அந்த எட்டு மாதத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அல்லது உனக்கு அது சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாகவே இல்லையா? இதைக் கேட்டு எழுதிக்கொள்ள எந்தப் படிவமும் என்னிடம் இல்லை.

என்னை மன்னித்துவிடு. சுற்றி வளைத்து இரண்டு பருவம் படித்து, ரயிலேறிப் போய், பந்து போட்டுப் பார்த்து, கடைசியில் இந்த ஒரு வரிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன். உன் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். என் பயத்துக்கு நீ இடம் கொடுத்தாய், அதனால் உன் இடம் போனது.

அடுத்த மாதம் என் பள்ளிப் பிள்ளைகளை ஆட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். அதே அலோர் ஸ்டார்தான். நாற்காலி போட்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், எனக்கு உள்ளுக்குள் உதறும், இந்த வயதிலும் உதறாமல் இருக்காது. ஆனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், பரமு. வளையத்துக்குக் கீழே என் பிள்ளைகள் பாடட்டும், திட்டட்டும், எதிராளியின் குடும்பத்தையே விசாரிக்கட்டும். கோட்டுக்கு வெளியே நிற்கிற என் முகத்தைப் பார்த்து ஒரு பிள்ளையும் பந்தைக் கீழே இறக்க வேண்டி வராது.

உன் கூட்டாளி,
உன் மகளுக்கு என்றைக்கும் பெரியம்மா,
தேவகி